நைனா வெட்டிய கிணற்றுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"கெணத்தத் தூத்துடலாம்னு இருக்கேன்க்கா" என்று தம்பி போனில் சொன்னபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசி வாரம். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுவும் பண்ணாத, நான் வந்து பாத்துடறேன்" என்றேன். "பாக்கறதுக்கு இன்னா இருக்குது? சொட்டுத் தண்ணி இல்ல" என்றான். தண்ணீர் இல்லாத கிணற்றில்தான் எனக்குப் பார்க்க நிறைய இருந்தது. அதைப் போனில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "சரி, வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மலையடியில் இருக்கிறது. நான் பிறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1989இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். 2019இல் வேலூர் மாவட்டத்தை மறுபடி மூன்றாக்கினார்கள். அம்மா இன்றைக்கும் முகவரி கேட்டால் வட ஆற்காடு என்றுதான் சொல்லுவாள்.

கழனியில் இருக்கும் அந்தக் கிணற்றை நைனா 1984இல் வெட்டினார். எனக்கு ஒன்பது வயது. முதல் பத்து அடி மண்வெட்டிக்கும் கூடைக்கும் கட்டுப்பட்டது. அதற்குக் கீழே கடப்பாரை வேண்டியிருந்தது. இருபத்தாறு அடியில் கடப்பாரை ணங்கென்று எகிறிய அன்று மேஸ்திரி மேலே ஏறி வந்து, "இனிமே மருந்துதாண்ணே" என்று சொல்லிவிட்டார். கம்ப்ரசர் வண்டி வந்தது. பாறையில் குழி போட்டு, மருந்து வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு, "வெடி, வெடி" என்று கத்திக்கொண்டே ஆட்கள் புளியமரத்துப் பக்கம் ஓடி வருவார்கள். அம்மா என் காதைப் பொத்துவாள். சத்தத்தை விட, அதற்குப் பிறகு பொலபொலவென்று கல் விழுகிற ஓசைதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. புகை அடங்கியதும் நைனா இறங்கிப் போய்க் கையளவு கல் ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இத்தினி நாளா வெயிலே பாக்காத கல்லும்மா இது" என்றார்.

அந்தக் கல் இப்போதும் என் மேசை மேல் இருக்கிறது. நான் பிறகு புவியமைப்பியல் படித்ததும், இருபத்து மூன்று வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்குப் பாறைப் பாடம் நடத்துவதும் அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். எட்டு மணிக்கு மேல் எங்கள் பக்கத்து வெயிலில் கல் படியில் கை வைக்க முடியாது. மேலே எட்டு அடிக்குத்தான் கல் கட்டு. அதிலும் கிழக்குப் பக்கம் 2021 நவம்பர் மழையில் சரிந்துவிட்டது. தம்பி கிணற்றைத் தூர்க்க நினைத்ததற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம். எனக்கோ அது திறந்து வைத்த புத்தகம். மண் தொடங்கி அடிப்பாறை வரை ஒரே நேர்கோட்டில், மறைப்பு எதுவும் இல்லாமல் தெரிகிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினேன். தம்பி மேலே நின்றுகொண்டு, "பாத்து, பாத்து" என்றான்.

அடியில் கொஞ்சம் சேறு, ரெண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு செருப்பு. அதையெல்லாம் தாண்டிச் சுவரைப் பார்த்தால், நைனா என் கையில் வைத்த அதே கல். வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கறுப்பாக ஒரு பட்டை, மறுபடி வெளுப்பு. வெளுப்பில் இருப்பது பெல்ஸ்பாரும், நாம் வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸும். கறுப்பில் ஹார்ன்பிளெண்டும் காக்காப்பொன்னும். காக்காப்பொன் என்றால் மைக்கா, அதிலும் கறுப்பு வகையான பயோடைட். இந்தப் பட்டை போட்ட பாறைக்கு நைஸ் என்று பெயர். ஊரில் எல்லாமே கருங்கல்தான்.

அதில் விரலளவு தடிமனான ஒரு கறுப்புப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே மேலே ஏறினேன். சாய்வாக ஏறிப் போகிறது. இருபத்தாறு அடி வரை உளி வைத்தாலும் பெயராத கெட்டி. அதற்கு மேலே அதே பட்டையின் கறுப்பு கொஞ்சம் பழுப்பாகிறது. ஓரத்தில் துரு ஏறிய மாதிரி ஒரு மஞ்சள். இருபது அடியில் சாவியால் கீறினால் கோடு விழுகிறது. பதினைந்து அடியில் கட்டைவிரல் நகத்தால் தோண்டினேன், வெல்லக்கட்டி உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. ஆனால் பட்டை அப்படியே இருக்கிறது! வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு என்று அதே வரிசை, அதே சாய்வு. கையில் பிசைந்தால் மண், கண்ணால் பார்த்தால் பாறை. எட்டு அடிக்கு மேல்தான் கோடுகள் கலங்கி, செம்மண்ணும் சரளையுமாகி, வேர்கள் தொடங்குகின்றன.

"இத பாரு, இந்தக் கோடு கீழ இருந்து வருதுடா" என்று தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். நாற்பது வருஷமாக அந்தக் கிணற்றில் நீச்சலடித்து, மோட்டார் இறக்கி, தூர் வாரியவன். "அப்ப மேல இருக்கற மண்ணு எங்க இருந்தோ வந்தது இல்லியா?" என்று கேட்டான். இல்லை. ஏரி மண், ஆற்று வண்டல் போல அடித்துக்கொண்டு வந்தது இல்லை அது. நின்ற இடத்திலேயே பாறை மக்கி மண்ணானது.

எப்படி மக்கியது என்பதற்கு முன்னால், அந்தப் பட்டை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு சுமார் 25 டிகிரி கூடும். மேலே இருக்கிற பாறையின் பாரமும் கூடிக்கொண்டே போகும். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டால் காற்று நம்மை அழுத்துவதைப் போல ஆறாயிரம், ஏழாயிரம் மடங்கு அழுத்தம். அங்கே பாறை உருகாமல், திடமாக இருந்துகொண்டே நெகிழ்கிறது. கோதுமை மாவையும் கேழ்வரகு மாவையும் சரியாகக் கலக்காமல் பிசைந்து, பரோட்டா போடுகிறவர் போல இழுத்து மடித்துத் தேய்த்தால் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் விழும் அல்லவா? கிட்டத்தட்ட அதுதான். ஆனால் மாவில் இல்லாத ஒன்று பாறையில் நடக்கிறது. தாதுக்களே கரைந்து, நகர்ந்து, புதிதாக வளர்ந்து, அழுத்தத்துக்குக் குறுக்காகப் படுத்துக்கொள்கின்றன. வெளுப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று பிரிந்துகொள்கின்றன. எங்கள் கிணற்றின் தென்சுவரில் ஒரு பட்டை கொண்டை ஊசி வளைவு மாதிரி மடிந்து திரும்புகிறது. உள்ளங்கையால் மறைத்துவிடலாம், அவ்வளவு சின்னது. அது மடிந்தபோது அந்தக் கல் எவ்வளவு இளகியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மலைப்பாக இருக்கும்.

இதைவிடவும் சூட்டில் வெந்த பாறை எங்கள் பக்கத்து மலைகளில் இருக்கிறது. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி சார்னோகைட். இந்தப் பெயர் வந்த கதையைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கல்கத்தாவில் 1690களில் இறந்தார். அவருடைய கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தக் கல்லைப் பற்றி எழுதியபோது, சார்னாக் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். பல்லாவரம், பரங்கிமலையில் கிடைக்கிற கல்தான் அது. எண்ணெய் பூசின மாதிரி ஒரு கருநீலப் பளபளப்பு இருக்கும். அதில் குவார்ட்ஸே நீலமாகத் தெரியும்.

எழுநூறு, எண்ணூறு டிகிரி சூட்டில், ஆழத்தில் உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. என்னை மிகவும் பிடித்துக்கொண்டது இந்த எண்கள் இல்லை. காக்காப்பொன்னிலும் ஹார்ன்பிளெண்டிலும் தண்ணீர் இருக்கிறது. ஈரம் மாதிரி ஒட்டிக்கொண்டு இல்லை, அந்தத் தாதுவின் கட்டுமானத்திலேயே ஒரு பகுதியாக. சார்னோகைட் உருவாகிற சூட்டில் அந்தத் தண்ணீரும் நிற்க முடியாமல் வெளியேறிவிடுகிறது. அவை இருந்த இடத்தில் ஹைபர்ஸ்தீன் என்ற, தண்ணீரே இல்லாத தாது வளர்கிறது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. (கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் சாமியைத் திரும்ப வைத்துவிட்டார்கள், ஆகவே கடைசியாகச் சொன்னது இப்போது பொருந்தாது.) நீரில்லா ஆறு என்று சொன்னவர்களுக்கு, ஆற்றைச் சுற்றி நிற்கிற மலையின் கல்லிலிருந்தே தண்ணீர் துரத்தப்பட்டிருக்கிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை.

ஆகவே என் கணக்கில் பாறையின் கதை தண்ணீரின் கதை. ஆழத்தில் வெந்து, நசுங்கி, உள்ளே இருந்த தண்ணீரை இழக்கிறது. மேலே வந்த பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உள்ளே நுழைகிறது. ஒன்பதாம் வகுப்பில் உருமாற்றத்தை ஒரு பாடமாகவும் சிதைவை வேறு பாடமாகவும் நடத்துகிறோம். கிணற்றுச் சுவரில் அது ஒரே பாடம்.

அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே எப்படி வந்தது? பாறை ஏறி வந்தது ஒரு பாதி, மேலே மூடியிருந்தது தேய்ந்து போனது மறுபாதி. அத்தனை கிலோமீட்டர் கல்லும் மணலாகவும் சேறாகவும் கடலுக்குப் போயிருக்கிறது. பாரம் இறங்கினால் பாறை உப்பும். உப்பும்போது தரைக்கு இணையாக, வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக விரிசல் விடும். மொட்டை மலைகளின் முதுகில் பெரிய பெரிய தகடுகள் வழுக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் உடைக்கிறவர்கள் இந்த ஏட்டைத்தான் தேடுவார்கள். ஏடு விடுகிற வாட்டம் பார்த்து வரிசையாக ஆப்புக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறி மாறிப் போட்டால் பலகை மாதிரி பிளக்கும். வாட்டம் தெரியாமல் அடித்தால் நாள் முழுக்க அடித்தாலும் சில்லுதான். எங்கள் வீட்டு அம்மிக்கல் அப்படிப் பிளந்த ஏட்டிலிருந்து வந்தது. ஆயா அதை வாங்கும்போது சுத்தியால் தட்டிப் பார்த்து, மணி மாதிரி ஓசை வந்த பிறகுதான் காசு கொடுத்தாளாம். "சொத்தக் கல்லு டொக்குனு சொல்லும்" என்பாள். சிலை செய்கிறவர்களும் ஓசையை வைத்துத்தான் ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஓசை அறுந்துபோகும். தண்ணீர் நுழையத் தொடங்கிவிட்டதா இல்லையா என்பதைக் காது சொல்லிவிடும்.

வேலூர் வெயிலுக்குப் பாறையே வெடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் 1936இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கிரானைட் துண்டைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, இப்படி 89,400 தடவை செய்தார். 244 வருஷத்துப் பகல் இரவுக்குச் சமம். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஆறவைக்கும்போது தண்ணீரைத் தெளித்துப் பார்த்தார். இரண்டரை வருஷக் கணக்கிலேயே மேற்பரப்பு பொரிந்து, விரிசல் விட்டது. வெயிலுக்குப் பங்கே இல்லை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சின்னத் துண்டில் நடக்காதது பெரிய மலையில் நீண்ட காலத்தில் நடக்கும். ஆனாலும் தண்ணீர் சேர்ந்தால்தான் வேலை வேகமாகிறது என்பது அந்தச் சோதனையில் தெளிவாகத் தெரிந்தது.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. சோளிங்கருக்கு அந்தப் பக்கம் மகேந்திரவாடியில், வெட்டவெளியில் நிற்கிற ஒற்றைப் பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் விஷ்ணுவுக்கு ஒரு கோயில் எடுத்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். தூணில் பல்லவ கிரந்தத்தில் வெட்டிய எழுத்து இன்றும் வரி வரியாக நிற்கிறது. ஆயிரத்து நானூறு வருஷ வெயில், மழை. எங்கள் கிணற்றில் மண்ணுக்குள்ளே, ஒரு சொட்டு வெயில் படாமல் இருந்த பாறை நகத்துக்கு உதிர்கிறது. முதலில் இது தலைகீழாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் சரிதான். வெளியே நிற்கிற பாறையில் மழை பட்டவுடன் வழிந்து ஓடிவிடும், அரை மணியில் காய்ந்துவிடும். மண்ணுக்குள் இருக்கிற பாறை மாதக்கணக்கில் ஈரத்துணியில் சுற்றி வைத்த மாதிரி ஊறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மண்ணுக்கு அடியில் விரிசல் விரிசலாக மக்கி, நடுவில் மக்காத உருண்டை மட்டும் மிஞ்சி, பிறகு சுற்றியுள்ள மண் மழையில் அடித்துக்கொண்டு போன பின், உருண்டைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. யாரோ ராட்சசன் அடுக்கி வைத்ததாக எங்கள் ஊரில் சொல்லுகிற குண்டுக்கற்கள் அப்படி வந்தவைதான்.

ஊறிய பாறைக்குள் நடப்பது இது. மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணில் வேர்கள் விடுகிற மூச்சிலிருந்தும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சோடா பாட்டிலில் இருக்கிற அதே அமிலம். அது பெல்ஸ்பாரிலிருந்து பொட்டாசியம், சோடியம், கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, தண்ணீரைச் சேர்த்துக் களிமண்ணாக விட்டுவிட்டுப் போகிறது. கரைந்துபோன கால்சியத்தில் ஒரு பங்கு, காய்ந்த மாதங்களில் சுக்கான் கல்லாகக் கழனியிலேயே தங்கும். முன்பு அதைப் பொறுக்கிச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டு வீடு கட்டினார்கள். கறுப்புத் தாதுக்களில் இருக்கிற இரும்பு துருப்பிடிக்கிறது, செம்மண்ணின் சிவப்பு அதுதான். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாது. சுற்றி இருந்ததெல்லாம் மக்கியதும் தனியாக உதிர்ந்து ஓடைக்குப் போய், பாலாற்றில் மணலாகச் சேருகிறது. நந்தி மலையில் புறப்பட்டு 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, அதில் 222 தமிழ்நாட்டில். அந்த மணலை அள்ளி அள்ளி என்ன ஆக்கி வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. கை வைத்துத் தோண்டினால் ஊற்று வந்த மணல் அது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

காக்காப்பொன் மக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதன் ஏடுகளுக்கு நடுவில் பொட்டாசியம் பசை மாதிரி ஒட்டிப் பிடித்திருக்கும். தண்ணீர் நுழைந்து பொட்டாசியத்தை வெளியேற்றிவிட்டு, தான் அங்கே உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஆனதற்கு வெர்மிகுலைட் என்று பெயர். நம்ம திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரில், தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினுக்கு வெர்மிகுலைட் சுரங்கம் இருக்கிறது. மாடித் தோட்டத்துக்கு மண் கலவையில் போடுகிறார்களே, தக்கை மாதிரி லேசாகப் பொன் நிறத்தில், அது வெர்மிகுலைட்டைச் சூட்டில் பொரித்தது. பொரிக்காத துண்டு ஒன்றை ஒரு மாணவன் மூலம் வாங்கி வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை வகுப்பில் சின்ன கேஸ் அடுப்பை வைத்து, இடுக்கியால் ஒரு செதிலைப் பிடித்துத் தீயில் காட்டுவேன். முதலில் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். திடீரென்று அது ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிந்து, புழுவைப் போல நெளிந்து நீளும். லத்தீனில் அந்தப் பெயருக்குப் புழுவோடு தொடர்பு உண்டு. ஏடுகளுக்கு நடுவில் இருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகித் தள்ளுவதால் வருகிற நெளிவு அது. "கல்லுக்குள்ள தண்ணி இருந்துச்சா மிஸ்?" என்று போன வருஷம் ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் நான் அடுப்பைச் சுமந்துகொண்டு போகிறேன்.

கிணற்றுக்கு வருகிறேன். வடக்குச் சுவரில், முப்பத்து மூன்றாவது அடியில், பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு விரிசல் போகிறது. நைனா அதை ஊத்துக்கண் என்பார். கிணறு வெட்டியபோது முதல் தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. தென்சுவரில் மடிந்த பட்டை, வடசுவரில் முறிந்த பட்டை. ஒரே கல்தான். ஆழத்தில் சூட்டோடு நெருக்கியபோது வளைந்துகொடுத்தது, மேலே வந்து ஆறிய பிறகு நெருக்கியபோது முறிந்தது.

விரிசலின் இரண்டு பக்கமும் பிஸ்தாப் பருப்பு நிறத்தில் ஒரு பச்சை. தம்பி அதைப் பாசி என்று நினைத்துக்கொண்டிருந்தான். சாவியால் சுரண்டச் சொன்னேன். வரவில்லை, சாவிதான் தேய்ந்தது. அது எபிடோட் என்ற தாது. இந்த விரிசல் இன்னும் ஆழத்தில் இருந்த காலத்திலேயே சூடான நீர் இதன் வழியாக ஓடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். நைனாவின் ஊத்துக்கண் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாலும் ஊத்துக்கண்ணாகவே இருந்திருக்கிறது. தம்பி அந்தப் பச்சையை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான்.

நெருக்கல் முடிந்துவிட்ட விஷயமும் இல்லை. இந்தியா இன்றும் வருஷத்துக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முட்டலின் இறுக்கம் தக்காணம் முழுக்கப் பாறைக்குள் தேங்கி நிற்கிறது. 2021 நவம்பர் 29 அதிகாலை, நாலேகால் மணி வாக்கில், வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் ஒரு நில அதிர்வு. அம்மா அன்று வீட்டில் தனியாக இருந்தாள். "லாரி மோதின மாதிரி ஒரு சத்தம், அலமாரில இருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் கலகலன்னுது" என்றாள். ஒரு மாதத்துக்குள் மறுபடியும் வந்தது. எங்கள் சுற்றுவட்டார ஊர்களில் ஜனங்கள் ராத்திரி வெளியே படுத்தார்கள். இறுகி நின்ற பழைய விரிசல் ஒன்று கொஞ்சம் நழுவியிருக்கிறது. விரிசலுக்குள் தண்ணீர் அழுத்தத்தோடு இறங்கினால் இரண்டு பக்கப் பாறையும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை நிரம்பிய பிறகு, 1967 டிசம்பரில் அங்கே வந்த பெரிய பூகம்பம் இதற்கு உலகம் அறிந்த உதாரணம். முறிவுக்கும் தண்ணீருக்கும் கூட அப்படி ஓர் உறவு.

இதையெல்லாம் தம்பியிடம் நான் பாடமாகச் சொல்லவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து அம்மா கொடுத்தனுப்பிய கூழைக் குடித்துக்கொண்டே, 2017 போர்வெல்லைப் பற்றிப் பேசினோம். அந்த வருஷ வறட்சியில் தம்பி மனைவியின் நகையை வைத்துப் போட்டது. ராத்திரி முழுக்க வண்டி ஓடியது. முதலில் சிவப்புப் பொடி, அப்புறம் பழுப்பு, ஐம்பதடிக்குள் சாம்பல். அதற்குப் பிறகு விடிகிற வரை நீலம் கலந்த கறுப்புப் பொடி, மாவு மாதிரி, காய்ந்து. மரத்து இலையெல்லாம் கறுத்துப்போனது. 780 அடியில் நிறுத்தச் சொன்னான். ஒரு குடம் தண்ணீர் இல்லை. இடம் பார்த்துச் சொன்னவர் தேங்காய் வைத்துப் பார்த்தார். மூட்டிலும் மடிப்பிலும் ஓடுகிற விரிசல்களைப் பார்க்க அதில் வழி இல்லை. நான் அப்போது ஊரில் இருந்தும் அழுத்திச் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மக்காத நைஸிலும் சார்னோகைட்டிலும் தண்ணீர் நிற்க இடம் நூறில் ஒரு பங்கு கூடக் கிடையாது. ஆழம் போகப் போக மேல் பாரத்தில் விரிசல்களும் மூடிக்கொள்ளும். எங்கள் மாதிரி கெட்டிப் பாறை ஊர்களில் தண்ணீர் தங்குவது முக்கியமாக இரண்டே இடத்தில். ஒன்று மக்கிய பாறை, இன்னொன்று அதற்குக் கீழே கொஞ்சம் ஆழம் வரை திறந்திருக்கிற விரிசல். இரண்டும் எங்கள் கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மக்கிய பாறை பஞ்சு மாதிரி மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் ஊத்துக்கண்ணுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறது. சுற்றி இருக்கிற போர்கள் உறிஞ்சியதில் அந்தப் பஞ்சு காய்ந்துபோயிருக்கிறதே தவிர, கெட்டுப் போகவில்லை. கட்டட இடிபாட்டைக் கொட்டித் தூர்த்துவிட்டால் அந்த இடத்தில் அதைத் திரும்ப உண்டாக்க எந்த வண்டியாலும் முடியாது.

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?" என்றான்.

மே மாதம் பூரா ஆள் வைத்துத் தூர் வாரினோம். சரிந்த கிழக்குக் கட்டை மறுபடி அடுக்கினோம். ஓரிடத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்குக் கட்டாமல் விடச் சொன்னேன், பட்டை மண்ணாகிற இடம் தெரிகிற மாதிரி. மலையிலிருந்து வருகிற மழை ஓடையைக் கழனி ஓரம் திருப்பி, கிணற்றுக்கு இருபதடி தள்ளி ஒரு பள்ளம் வெட்டி, மக்கிய பாறை வரை இறக்கி, அதில் சரளை நிரப்பினோம். செலவில் பாதி என்னுடையது. தம்பி மனைவிக்கு முதலில் நம்பிக்கை இல்லை. எனக்கும் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லத் தைரியம் இல்லை.

ஜூலையில் இரண்டு நல்ல மழை. ஆகஸ்டில் தொடர்ந்து நாலு நாள் ராத்திரி மழை. போன வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். டார்ச் வெளிச்சத்தில் எடுத்தது, கலங்கலாக இருந்தது. அடியில் தண்ணீர், அதில் அவன் நிழல். கீழே ஒரு குரல் செய்தி. "அக்கா, ஊத்துக்கண்ணு முழுகிடுச்சு. நீ காட்ன கறுப்புக் கோடு தண்ணிக்கு மேல ஒரு மொழம்தான் தெரியுது. அம்மா வந்து பாத்துட்டு நைனா பேரச் சொல்லிக்கினே இருக்குது. ஞாயித்துக்கெழம வரியா?"